தானாகச் சேர்ந்தவன்

இடது கன்னம் முடிந்தது. சின்னவன் ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, அப்பாவின் வலது கன்னத்துக்கு வந்தபோது கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சங்கத்துக்குச் சொல்லிட்டேன்."

ரேசர் அப்படியே நின்றது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அப்பாவின் காதுக்குக் கீழே இருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தச் சங்கத்துக்கும்மா?" என்றாள் பெரியவள். அந்த வீட்டில் சங்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான். அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். தெரிந்ததையே இன்னொரு தரம் கேட்டால் பதில் மாறிவிடாதா என்று ஒரு நப்பாசை.

"எந்தச் சங்கமா? லிஸ்ட்ல மொதல்ல இருக்கிறது அதானே. ராணுவத்துக்காரங்க சங்கம். டாக்டர் பேப்பர் கைக்கு வந்ததுமே போன் பண்ணிட்டேன். மூணு மணிக்கு முகாம்லேருந்து ஆளுங்க வந்துடுவாங்களாம். கொடி கொண்டுட்டு வராங்களாம்." அம்மா பேசிக்கொண்டே அறை வாசலுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகத்தில், ஒரு வேலையாவது ஒழுங்காக முடித்துவிட்ட நிம்மதி கொஞ்சம் இருந்தது. பிறகு அவள் பார்வை கட்டிலைத் தாண்டி, ரேசரைத் தாண்டி, அதைப் பிடித்திருந்த கையில் போய் முட்டியது.

"ஐயோ," என்றாள் அம்மா. "நீ இருக்கியேடா."

சின்னவன் அந்த வீட்டில் நாற்பது நாளாக இருக்கிறான். தெருவுக்கு அது தெரியாது. எங்கோ எல்லையில் பட்டாளத்தோடு இருக்கிறான் என்றுதான் தெரு நினைத்துக்கொண்டிருக்கிறது. பட்டாளமோ, அவன் எங்கே இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருக்கிறது. லீவு முடிந்து திரும்பாதவன் இல்லை அவன். லீவே வாங்காமல், மேஜை மேல் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, யூனிஃபார்மை மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் பஸ் ஏறி வந்துவிட்டவன். பிடித்தால் மூன்று வருஷம் உள்ளே.

அப்படிப்பட்ட ஒருவன் பின்னறையில் இருக்கும் வீட்டுக்கு, அம்மாவே போன் போட்டுப் பட்டாளத்தை வரச்சொல்லிவிட்டாள்.

அம்மாவைத் திட்டவும் முடியாது. அப்பா அவளை அப்படிப் பழக்கியிருந்தார். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு, அப்புறம் பதினாலு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் அவருக்கு 'கிளச்சு' என்று பெயர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் வண்டி கற்றவர்கள், மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யக்கூடாது என்பது அவர் சட்டம். சாவு உட்பட. தான் செத்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று கைப்பட ஒரு பட்டியல் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

"செத்துட்டேன். என்ன பண்ணுவே?"

"மொதல்ல அடுப்ப அணைப்பேன்," என்பாள் அம்மா சமையலறையிலிருந்து.

"விளையாடாதடி. லிஸ்ட்டு!"

"சங்கத்துக்கு போன். அப்புறம் பென்ஷன் ஆபீஸ். அப்புறம் எங்கண்ணன். அப்புறம் பெட்டிக்குச் சொல்லணும். போதுமா? எந்திரிச்சு வந்து தட்ட எடுங்க, செத்தவரே."

இப்படிப் பதினாலு வருஷம். இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும், அம்மா எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போனை எடுத்தது.

"பரவாயில்லம்மா," என்றான் சின்னவன். "அக்கா, கிண்ணத்த ஆட்டாம பிடி." வலது கன்னத்தில் ரேசரை வைத்தான். பட்டாளத்தில் கற்ற கை. ஒரு கீறல் விழவில்லை.

அப்பா ஷேவ் செய்யாமல் வீட்டைவிட்டு இறங்கியது பெரியவளுக்கு நினைவு தெரிந்து இன்றைக்குத்தான். காலையில் சின்னவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அவனுக்கு அப்படி ஒரு பழக்கம் வந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றார். பெரியவள் பார்த்தாள். கதவை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் தட்டினால் பேசவேண்டும். நாற்பது நாளாக அவர் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டைத் துணிக்கயிற்றில் போட்டுவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார். இரண்டாவது வகுப்பில், கற்றுக்கொள்ள வந்த நர்சிங் மாணவியிடம், "இண்டிகேட்டர் போடு, ஓரங்கட்டு," என்றாராம். அந்தப் பெண் பதறி ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறாள். அப்பா தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தியிருக்கிறார். நின்ற வண்டியில் அவர் உயிரோடு இல்லை. அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "அங்கிள்தான் நிறுத்தினாரு, நான் நிறுத்தல," என்று அழுதுகொண்டிருந்தாள்.

டயர்க்கடை மாமா வந்ததும் வீடு இன்னும் சின்னதாகிவிட்டது. அம்மாவின் அண்ணன். டயர் வியாபாரம் என்பதாலோ என்னவோ, அவர் பேச்சில் காற்று எப்போதும் ஒரு பாயிண்ட் அதிகம். தங்கையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். விஷயம் தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. ஒண்ணு, போன போட்டு கொடி வேணாம்னு சொல்லுங்க. இல்ல, இவன இப்பவே கெளப்புங்க. என் கடை குடோன்ல போய் இருக்கட்டும்."

"அப்பாவத் தூக்காம நான் எங்கயும் போக மாட்டேன் மாமா," என்றான் சின்னவன்.

"தூக்குவே. அப்படியே உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போவானுங்க."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். கொடி வேண்டாம் என்று யார் சொல்வது? அந்தக் கொடி ஒன்றுக்காகத்தான் அந்த மனுஷன் பதினாலு வருஷம் செத்துச் செத்துப் பழகினார். ஆனால் அம்மா தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, ஆட்டம் தானாக வந்ததா, தெரியவில்லை. பெரியவள் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் மாடிக்குப் போனாள்.

சங்கச் செயலாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அங்கிள், நான் கிளச்சோட பொண்ணு பேசறேன்."

"சொல்லும்மா. மனசத் தேத்திக்கோ. உங்கப்பன் பாலமே இல்லாத ஆத்துல லாரி ஓட்டினவன். கடைசியிலயும் பாரு, இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டிட்டுப் போயிருக்கான். எவனுக்கு வாய்க்கும்?"

"இல்ல அங்கிள், அந்தக் கொடியெல்லாம்... எளிமையா பண்ணிடலாம்னு..."

"எளிமையாத்தாம்மா. நாலு பசங்களும் ஒரு கார்ப்பரலும். பீரங்கியா இழுத்துட்டு வராங்க? அதெல்லாம் மேல கையெழுத்து வாங்கியாச்சு, வண்டி கெளம்பிடும். அது கெடக்கட்டும், தம்பிக்குச் சேதி போச்சா? லீவு குடுத்துட்டாங்களா?"

"அவன்... பாக்கலாம் அங்கிள்."

"என்ன பாக்கலாம்? அப்பன் செத்ததுக்குப் புள்ள வராமலா? இரு, நானே அவன் யூனிட்டுக்கு ஒரு போன் போடறேன். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான், அரை மணி நேரத்துல லீவு வாங்கித் தரேன்."

"வேணாம் அங்கிள்!"

"சும்மா இரும்மா. இதுகூட பண்ணலன்னா நான் என்ன செயலாளர்?"

"அவன் வந்துட்டான் அங்கிள்." வாயிலிருந்து விழுந்துவிட்டது. "வந்துட்டான். வீட்லதான் இருக்கான்."

"வந்துட்டானா! நல்லதாப் போச்சு." என்றார் செயலாளர். "யூனிஃபார்ம் போடச் சொல்லு. சர்வீஸ்ல இருக்கற புள்ள கையில கொடியக் குடுக்கறது ஒரு தனி மரியாதம்மா. நான் கார்ப்பரல்கிட்ட சொல்லிடறேன்."

அவள் கீழே வந்து சொன்னதும் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வராதேன்னு சொல்லச் சொன்னா, வெத்தல பாக்கு வெச்சு அழைச்சுட்டு வந்திருக்கே! நீயெல்லாம் கண்ணாடிக்கடைல ஊருக்கே பார்வை பாக்கறே!"

பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா?' என்று நாள் முழுக்கக் கேட்பவள். சில பேர் திணறிப்போய், 'ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குங்க' என்பார்கள். அவர்கள்மேல் அவளுக்கு எரிச்சல் வரும். இப்போது அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"சரி, ஆனது ஆச்சு," என்றார் மாமா. "யூனிஃபார்மப் போடு. அப்பாவோட பழசு டிரங்குப் பெட்டியில இருக்கும். ஒரு மணி நேரம். கொடிய வாங்கு, சல்யூட் அடி, அவனுங்க போயிடுவானுங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"போட மாட்டேன் மாமா."

"ஒரு மணி நேரம் போட்டா கரைஞ்சா போயிடுவே?"

"அதக் கழட்டறதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

"ஆமா, கழட்டினாரு! ஏண்டா, கட்டாயமாப் புடிச்சிட்டுப் போனவன் ஓடி வந்தா, சரி, பாவம்னு சொல்லலாம். உன்ன யாரு கழுத்துல துண்டு போட்டு இழுத்தா? நீயாப் போனே. வெயில்ல வரிசையில நின்னு போனே. கையெழுத்துப் போட்டே. இதோ உங்கக்காதான் ஃபாரம் நிரப்பினா."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். தம்பியின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று அவள்தான் நிரப்பினாள். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'அப்பா மாதிரின்னு எழுதுக்கா' என்றான் அவன். வெள்ளத்தில் தவித்தவர்களை அப்பா லாரியில் ஏற்றிவந்த கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அது நன்றாக இருக்காது என்று அவளே, 'நாட்டுக்குச் சேவை செய்ய' என்று எழுதிவிட்டாள். கீழே அவன் கையெழுத்துப் போட்டான். அப்படியானால் அந்த வாக்கு யாருடையது?

"நானாப் போனேன், அதனாலதான் மாமா," என்றான் சின்னவன். குரலை உயர்த்தவில்லை. "புடிச்சிட்டுப் போயிருந்தா, 'நான் என்ன செய்ய, அவங்க செய்ய வெச்சாங்க'ன்னு சொல்லிட்டுத் தூங்கியிருப்பேன். அப்படிச் சொல்ல எனக்கு வழியில்லயே."

"அப்படி என்னடா பண்ணிட்டே? நீ ரேடியோக்காரன். துப்பாக்கிய ஒரு தடவயாவது நீட்டினியா?"

"இல்ல. நம்பர் படிச்சேன்."

"நம்பர் படிக்கறது ஒரு பாவமா? பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தா உருப்பட்டிருப்பே!"

மாமாவுக்கே அது தப்பான இடத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்கவேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சின்னவன் சொன்னான். அப்பாவிடம் சொல்லாததை, பெரியவளிடம்கூடப் பாதிதான் சொன்னதை, மாமாவிடம் சொன்னான். பீரங்கிக்காரர்களுக்கு எங்கே அடிக்கவேண்டும் என்று ரேடியோவில் எண்களைப் படிப்பது அவன் வேலை. ஒரு நாள் எட்டு எண்கள் வந்தன. படித்தான். ஆயுதக் கொட்டகை என்றார்கள். இரண்டு நாள் கழித்து அந்த வழியாகப் போனார்கள். கொட்டகையும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. துணி காயப்போட்ட கயிறு மட்டும் அறுந்துபோகாமல் நின்றது.

"எல்லாம் சின்னச் சின்னத் துணி மாமா. கிளிப்புகூட அப்படியே இருந்துச்சு. நான் தப்பாப் படிச்சிட்டேன்னு நெனச்சேன். ஓடிப்போய் நோட்ட எடுத்துப் பாத்தேன். ஒரு நம்பர்கூட மாறல. சரியாத்தான் படிச்சிருக்கேன்."

சின்னவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன், என்ன விட்டுடுங்கன்னு. ஃபாரத்துல உடல்நலம், குடும்பம்னு ரெண்டே கட்டம். ஏதாவது ஒண்ணுல டிக் போடுன்னாரு கிளார்க்கு. என் காரணம் ரெண்டுலயும் இல்லயே."

"உடம்பு சரியில்லன்னு ஒரு டிக் போட்டிருந்தா இன்னைக்கு ராஜா மாதிரி வாசல்ல நின்னிருப்பே."

"உடம்பு நல்லா இருந்துச்சே மாமா."

மாமா பெருமூச்சு விட்டார். அவரிடமிருந்து காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. "இப்ப உன் நாற்காலியில வேற ஒருத்தன் உக்காந்து நம்பர் படிச்சிட்டிருப்பான். அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான். நீ எந்திரிச்சு வந்ததால அந்தப் பாவம் கொறஞ்சுதா? அவன் தலையிலதானே எறக்கி வெச்சுட்டு வந்தே?"

"ஆமா," என்றான் சின்னவன். "எறக்கித்தான் வெச்சுட்டு வந்தேன்."

தம்பி சொன்னபோது தம்பி சொன்னது சரி. மாமா சொன்னபோது மாமா சொன்னது சரி. ஒரே தலையை இரண்டு பக்கமும் ஆட்டச் சொன்னால் மனுஷி என்ன செய்வாள்? அப்பா என்ன நினைத்தார் என்று தெரிந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அவரோ யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

சின்னவன் வந்து நின்ற சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "லீவா?" என்றார். "இல்லப்பா. விட்டுட்டு வந்துட்டேன்." அப்பா மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்தார். அவ்வளவுதான். மறுநாள் கூடத்தில் மாட்டியிருந்த சின்னவனின் யூனிஃபார்ம் போட்டோவைக் கழற்றிப் பரணில் வைத்தார். அவமானமா? வருகிறவர்கள் அதைப் பார்த்து அவனைப்பற்றி விசாரிக்கக்கூடாது என்று ஜாக்கிரதையா? சங்கத்துக்குப் போன இடத்தில் "பையன் எப்படி இருக்கான்?" என்று யாரோ கேட்டதற்கு, "நல்லா சாப்பிடறான்," என்றார். கூடப் போயிருந்த பெரியவளுக்கு இன்றுவரை அது பொய்யா உண்மையா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். பட்டியல் புதுத் தாளில் இருந்தது. செயலாளரின் எண் மாறியதால் அப்பா திரும்ப எழுதியிருக்கிறார். கீழே தேதி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால்.

சின்னவன் வீட்டுக்குள் இருக்கும்போது எழுதியது. முதல் வரியில் சங்கம் அப்படியே இருந்தது. பழைய பட்டியலில் ஐந்தாவதாக, 'சின்னவனுக்கு யூனிட் மூலமாகத் தகவல்' என்று ஒரு வரி உண்டு. புதியதில் அது இல்லை. ஆறாவது வரி மேலே ஏறி ஐந்தாவதாகிவிட்டிருந்தது. பையன்தான் வீட்டிலேயே இருக்கிறானே, தகவல் எதற்கு என்று விட்டாரா? இனி அவன் எனக்கு இல்லை என்று விட்டாரா? அவ்வளவு யோசித்து ஐந்தாவது வரியை எடுத்தவருக்கு, முதல் வரிதான் அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லையா? இல்லை, தோன்றித்தான் வைத்தாரா?

"அம்மா, இதப் பாத்தியா?"

அம்மா தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "எழுத்து நல்லா குண்டு குண்டா எழுதியிருக்காரு. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு." தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்று மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். தெரு குறுகல் என்பதால் ராணுவ லாரி முனையிலேயே நின்றது. சவ வண்டியும் அங்கேதான் நின்றது. நான்கு சிப்பாய்களும் கார்ப்பரலும் நடந்து வந்தார்கள். கார்ப்பரலுக்கு நாற்பது வயசிருக்கும். சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை அடிக்கடி மூக்கில் ஒற்றிக்கொண்டார். பெட்டியின் முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். கொடியைப் பிரித்து மேலே போர்த்தினார்கள். அம்மா ஓவென்று அழுதாள். அந்த அழுகையில் ஒரு பெருமையும் இருந்தது. அதையும் பெரியவள் பார்த்தாள்.

"சர்வீஸ்ல இருக்கற பையன் இருக்காருன்னு சொன்னாங்களே?" என்றார் கார்ப்பரல்.

மாமா தொண்டையைச் செருமினார். "பையனுக்கு... உடம்பு கொஞ்சம்..."

"நான்தான்," என்று பின்னறைக் கதவு திறந்தது.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கார்ப்பரல் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"யூனிஃபார்ம் எங்க தம்பி?"

"இல்ல."

"இல்லன்னா?"

"மொதல்ல அப்பா போகட்டும் சார். அப்புறம் சொல்றேன்."

கார்ப்பரல் ஏதோ கேட்க வாயெடுத்தார். தும்மல் வந்தது. கைக்குட்டையை எடுத்தார், துடைத்தார், பெட்டியைப் பார்த்தார். "சரி. ஆறு பேர் வேணும். எங்காளுங்க நாலு. வீட்லேருந்து ரெண்டு பேரு வாங்க."

மாமா ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம். தோளுக்கு ஏறியது பெட்டி. கார்ப்பரல் மெல்லிய குரலில் 'நட' என்றார். பெரியவள் பின்னால் இருந்ததால் அவளுக்குக் கால்கள்தான் தெரிந்தன. நான்கு இடது கால்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. அவற்றோடு, செருப்பு போட்ட ஐந்தாவது இடது காலும் எழுந்தது. யாரும் சொல்லவில்லை, அவனும் நினைத்திருக்கமாட்டான். மாமாவின் கால் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நடந்த கார்ப்பரல் குனிந்து அந்தச் செருப்புக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"அட, கிளச்சோட பையன்! எப்ப வந்தான்?"

"அப்பன் செத்தா வராம இருப்பானா? லீவு குடுத்திருப்பாங்க."

"எளச்சுப்போயிட்டான்ல?"

"எங்க எளச்சான்? வெளுத்துப்போயிருக்கான். வெயில்ல நிக்கறவன் எப்படிய்யா வெளுப்பான்?"

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிப்பாய் ஊதுகொம்பை ஊதினான். பாதியில் ஒரு சுரம் பிசிறியது. பெட்டி இறங்குவதற்கு முன்னால் கொடியை எடுத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடித்தார்கள். கார்ப்பரல் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சின்னவனின் முன்னால் வந்து நின்றார்.

சின்னவன் கையை நீட்டவில்லை. கொடியை வெறுத்துப் பார்க்கவும் இல்லை. தனக்கு வந்த கடிதமா, பக்கத்து வீட்டுக்கு வந்ததா என்று பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"அக்காகிட்ட குடுங்க சார்."

கார்ப்பரலின் கை அந்தரத்தில் நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா, மாமா, அழுது ஓய்ந்த அந்த நர்சிங் பெண், எல்லாரும். பெரியவள் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒருவர் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே நின்றால் யாராவது வாங்கித்தானே ஆகவேண்டும். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

மண் போட்டு முடிந்தது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். சிப்பாய்கள் லாரியில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தார்கள். மாமா வந்து சின்னவனின் முழங்கையைப் பிடித்தார். "முடிஞ்சுதுடா. அந்த ஆளு ஒண்ணும் கேக்கல. பேசாம என் வண்டியில ஏறு."

சின்னவன் மாமாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, கார்ப்பரலை நோக்கி நடந்தான். பெரியவள் கொடியோடு பின்னாலேயே ஓடினாள்.

"டேய், எங்கடா போறே? திரும்பச் சேரப் போறியா?"

"சேர்றதுக்கு இல்லக்கா. சொல்றதுக்கு."

"யாருடா கேட்டா உன்ன?"

"தப்பு இல்லன்னு நெனச்சுத்தான் வந்தேன். வந்துட்டு நாப்பது நாளா பாத்ரூமுக்குள்ள உக்காந்திருக்கேன். அவரு ஷேவ் பண்ணாமப் போயிட்டாருக்கா." முகம் கோணியது. அழவில்லை.

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"தெரியலக்கா," என்றான். உண்மையாகவே தெரியாதவன் போலத்தான் இருந்தது.

கார்ப்பரலின் முன்னால் நின்று தன் எண்ணைச் சொன்னான், யூனிட்டைச் சொன்னான். கிளம்பி வந்த தேதியைச் சொன்னான். மறைக்காமல், கூட்டாமல் சொன்னான். கார்ப்பரல் கைக்குட்டையைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்றே?"

"நீங்கதான் வந்திருக்கீங்க."

"நான் கொடி போத்த வந்தேன்பா! உன்னக் கூட்டிட்டுப் போக எங்கிட்ட உத்தரவு இல்ல. காயிதம் இல்ல. ஒண்ணும் இல்ல." அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. "வண்டியில அஞ்சு பேருன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். ஆறு பேராப் போய் நின்னா கேட்டுல என்ன சொல்லுவேன்? சாவு வீட்லேருந்து அள்ளிட்டு வந்தேன்னா?"

"அப்ப நாளைக்கு வரட்டுங்களா?" என்று மாமா குறுக்கே புகுந்தார், ஒரு வழி கிடைத்த மாதிரி.

"நாளைக்கு வரலன்னா என் கதி?" கார்ப்பரல் சின்னவனைப் பார்த்தார். "ஏன்பா, ஓடிட்டியா? பயமா?"

"பயம் இல்ல சார். முடியல."

"முடியலன்னா?"

"செய்யறது சரின்னு தோணல."

"தோணல," என்று கார்ப்பரல் திருப்பிச் சொன்னார். ருசி பார்ப்பது மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார். "பதினெட்டு வருஷமா எனக்கு எத்தன தடவ தோணல தெரியுமா?" சொல்லிவிட்டு, லாரியில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தார். சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. இங்கே நின்று பார்த்தார், அங்கே போய் நின்று பார்த்தார். ஒரு கல்லின் மேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

அம்மா தூரத்தில் மாமாவின் மனைவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தெரியவும் இல்லை. பெரியவளின் கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. இரண்டு கையிலும் கொடி. அதை எந்தக் கையில் மாற்றிக்கொள்வது, கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாமா, கீழே வைக்கலாமா, எதுவும் தெரியாமல் கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

சின்னவன் லாரியின் பின்பலகையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே நான்கு சிப்பாய்களும் தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து லாரிக்குள் விழுந்தது.

கடைசியில் உட்கார்ந்திருந்தவன் துப்பாக்கியை அந்தப் பக்க முழங்காலுக்கு மாற்றிவைத்துவிட்டு, பலகையில் ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.